அசல் இல்லாத நகல்

வெனெட்டா கராஜோவா பல்கேரியாவில் எங்கள் மின்னணு ஆலையில் இஞ்சினியராகச் சேர்ந்தபோது நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். கொள்முதல் என்றதும் திருகும் ஈயமும் வாங்குகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஜெர்மன் தெரியும். அதனால் அவ்வப்போது வியன்னாவுக்குப் போய், எங்களுக்கு விற்கக் கூடாதென்று மேற்கு நாடுகள் தடை போட்டு வைத்திருந்த சாமான்களை மூன்றாம் கை, நாலாம் கை வழியாக வாங்கி வருவேன். யாரிடம் வாங்கினாய் என்று ஆலையில் ஒருத்தனும் கேட்க மாட்டான். கேட்டால் அவனுக்கும் தெரிந்துபோகும், பிறகு அவனும் பதில் சொல்ல வேண்டிவரும். டோன்ச்சோ வியன்னா போனான், பெட்டியோடு வந்தான், அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

நான் கொண்டு வந்ததை இஞ்சினியர்கள் மேஜையில் வைத்துப் பிரிப்பார்கள். கால்குலேட்டர், கேசட் ரேடியோ, கடைசியில் கணினி, எதுவாக இருந்தாலும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, அளந்து, வரைந்து, அதே மாதிரி இங்கே செய்ய வேண்டும். இதைத் திருட்டு என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. தடை போட்டவன் அவன். அவனிடம் போய் அனுமதி கேட்டுக்கொண்டா நிற்பது?

வெனெட்டா தலைநகர் சோஃபியாவில் படித்தவள், ஆனால் எங்கள் கப்ரோவோவிலேயே பிறந்தவள். கப்ரோவோக்காரன் கடிகாரம் தேய்ந்துவிடும் என்று ராத்திரியில் அதை நிறுத்தி வைப்பான் என்று சோஃபியாக்காரர்கள் எங்களைக் கிண்டலடிப்பார்கள். வெனெட்டா விஷயத்தில் அந்தக் கிண்டல் பாதி உண்மை. நாற்பது பாகம் வைத்துச் செய்த ஒன்றை அவளிடம் கொடுத்தால், இருபத்தைந்தில் முடியுமே, மீதி எதற்கு என்று முகத்தைச் சுளிப்பாள். அடுத்தவன் வீட்டுச் சமையலறையில் நுழைந்து உப்பு டப்பா ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கிற ரகம். ஆளும் சுலபமானவள் இல்லை. கோபம் வந்தால் சூடான சாலிடரிங் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டே பேசுவாள், நாம் இரண்டடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

அவளுக்கும் எங்கள் தலைமை இஞ்சினியர் பாண்டெலியெவுக்கும் முதலில் முட்டிக்கொண்டது ஒரு பச்சைக் கம்பியால். நான் கொண்டு வந்த ஒரு கணினிப் பலகையின் பின்பக்கம், இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு மெல்லிய பச்சைக் கம்பி கையால் பற்ற வைக்கப்பட்டிருந்தது. அது அந்தக் கம்பெனிக்காரன் தன் தப்பைச் சரிசெய்ய ஒட்டுப் போட்டது, நாம் பலகையிலேயே செப்புக் கோடாக இழுத்துவிட்டால் கம்பியே வேண்டாம் என்றாள் வெனெட்டா. பாண்டெலியெவ் ஒப்புக்கொள்ளவில்லை. அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது அசலுக்கு, அசலில் கம்பி இருக்கிறது, ஆகவே கம்பி இருக்கும் என்றார். அப்புறம் நான்கு வருஷம் மூன்று பெண்கள் வரிசையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை மட்டும் பற்ற வைத்தார்கள். பச்சைக் கம்பி தீர்ந்துபோனபோது நான் பச்சையே வேண்டும் என்று ருமேனியா வரை அலைந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பாண்டெலியெவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆலைக்காரர்கள் பாதிப் பேருக்கு வீடு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் புதிதாக ஒன்றைப் பார்த்தால் அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

வெனெட்டாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் தலையிலிருந்து வந்த ஒரு பொருள் கடையில் இருக்க வேண்டும், அது தன்னுடையது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும். சம்பள உயர்வோ பதவியோ அவள் கேட்டதில்லை. பத்து வருஷமாக ஊரான் பிள்ளைக்கே தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள், அதற்கு மேல் புலம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேஜையில் பீன்ஸ் சூப் பானையைத் தள்ளி வைத்துவிட்டு வரைய ஆரம்பித்தாள். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கிற சின்னக் கணினி. கேசட் ரேடியோவிலிருந்து நிரலை ஏற்றிக்கொள்ளும். எங்கள் கிடங்கில் என்ன சிப் கிடைக்குமோ அதை மட்டும் வைத்து, கிடைக்காதது இல்லாமலே ஓடுகிற மாதிரி யோசித்திருந்தாள். படம் வரையும் சிப்பை எங்களுக்கு விற்க மாட்டார்கள். அதனால் கணக்குப் போடுகிற சிப்பே இடையிடையே படத்தையும் வரைந்துவிட்டுப் போகும். வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் செய்கிற மாதிரிதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஓடியது. அதைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு பாண்டெலியெவ் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

அவர் நன்றாகத்தான் பார்த்தார். விசைகளைத் தட்டினார், திரையில் எழுத்து வந்ததும் புருவத்தைத் தூக்கினார். பிறகு கேட்டார்.

"இது எதோட நகல்?"

"எதோட நகலும் இல்ல, தோழர். நான் செஞ்சது."

"அப்ப வேல செய்யும்னு எதை வெச்சுச் சொல்றது?"

"இந்தா ஓடுதே. உங்க கண்ணு முன்னாடி."

"இன்னைக்கு ஓடுது. நாளைக்கு நின்னுபோச்சுன்னா? நகல்னா அமெரிக்காக்காரன் செஞ்ச தப்புன்னு சொல்லிட்டுப் போயிடலாம். உன்னோடதுன்னா பழி உன் மேல வரும், உன் மேல வந்தா என் மேல வரும். எடுத்துட்டுப் போ, வெனெட்டா. நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போ."

அவள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. நல்லாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போ என்றால் என்ன பேச்சு அது? படி இறங்குவதற்குள் என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது. அவருக்கு அசல் ஒன்று வேண்டும், அவ்வளவுதானே, நான் வியன்னாவிலிருந்து ஒரு அசலைக் கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை அடிக்க வருவாள் என்று நினைத்தேன். படியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கடையில வந்துடும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த பயணத்தில் வியன்னாப் பழைய பொருள் சந்தையில் உடைந்துபோன ஒரு மின் ஆர்கன் வாத்தியத்தை வாங்கினேன். அதன் பெட்டிதான் எங்கள் அமெரிக்க அசலின் உடம்பு. தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் ஆங்கில எழுத்துத் தாளும், எங்கள் ஊரில் கிடைக்காத அங்குல அளவுத் திருகுகளும் வாங்கினேன். கம்பெனிக்கு ரிட்ஜ்மூர் என்று பெயர் வைத்தேன். எங்கே பிடித்தேன் என்று கேட்காதீர்கள், வாயில் வந்தது. சனிக்கிழமைகளில் என் வீட்டு நிலவறையில், ராக்கியாச் சாராயக் குடுவைகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் பலகைகளைப் பற்ற வைத்தாள். இரண்டு பலகைகள், ஒரே தகட்டிலிருந்து அறுத்தவை, ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு. ஒன்று ஆர்கன் பெட்டிக்குள் போய் ரிட்ஜ்மூர் ஆயிற்று. இன்னொன்று எங்கள் ஆலைப் பெட்டிக்குள் போய் அதன் நகல் ஆயிற்று.

எழுத்து ஒட்டுகிற வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. அவள் கை அதைத் தொட மறுத்தது.

"பெத்தவ நானு, பேரு எவனோடதோ," என்றாள். "ஒட்டு, ஒட்டித் தொல."

சோஃபியாவிலிருந்து ஒப்புதல் குழு வந்தது. மூன்று பேர், அதில் ஒருவர் பேராசிரியர். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தொலைக்காட்சிகளில் இணைத்திருந்தோம். கம்பெனி திவாலாகிவிட்டது, அதனால்தான் சாமான் மலிவாகக் கிடைத்தது, கையேடு கிடைக்கவில்லை என்று நான் பூசி மெழுகினேன். வழக்கம்போல யாரும் தோண்டவில்லை. மூடிகளைத் திறந்து பார்த்தார்கள். பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசியில் அவர் நிமிர்ந்து, நகல் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டினார். ஆனாலும் அசலில் எழுத்து இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, பற்றவைப்பும் அதில் சுத்தம், அந்தத் தரத்தை நாம் எட்ட இன்னும் பாடுபட வேண்டும் என்றார். இரண்டையும் பற்றவைத்தவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் தோழர்களே," என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடித்தார். "இதை யோசிக்கிற மூளை நம்ம ஊர்ல இல்ல. ஆனா பாத்துச் செய்யிற கை இருக்கு. அது போதும் நமக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுகிற மாதிரி வெளியே ஓடினேன். திரும்பி வந்து வெனெட்டாவின் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்தும் அந்த ஆளின் வாக்கியத்தை அவள் ஒரு சொல் மாறாமல் சொல்வாள்.

ஒப்புதல் கிடைத்தது. திங்கட்கிழமையே ரிட்ஜ்மூரைப் பிரித்து, சிப்புகளைக் கழற்றிக் கிடங்கில் சேர்த்துவிட்டாள். அசல் அதோடு போயிற்று. நகலுக்கு லாலே என்று பெயர் வைத்தார்கள், எங்கள் பக்கம் வசந்தத்தில் பூக்கிற பூவின் பெயர். பள்ளிக்கூடங்களில், வீடுகளில், தபால் நிலையங்களில் கூட லாலே உட்கார்ந்தது. வாங்கக் காத்திருப்போர் வரிசை இருந்தது. அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தைச் செம்மையாகப் பின்பற்றியதற்காகப் பாண்டெலியெவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். வெனெட்டாவுக்கு ஒரு பூங்கொத்தும் கருங்கடலோரம் பத்து நாள் விடுமுறையும்.

அவள் மகள் ஸோர்னித்ஸா பள்ளியில் லாலேயில்தான் படித்தாள். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அந்தப் பெண் ஓடி வந்து, இதை அமெரிக்காவில் யாரோ கண்டுபிடித்தார்களாம், அம்மா வேலை செய்கிற ஆலையில் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்களாம், டீச்சர் சொன்னார் என்றது. வெனெட்டா சூப்பைக் கிண்டிக்கொண்டே, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். பிள்ளை வாயில் விஷயம் நிற்காது, குட்டு உடைந்தால் நானும் அவளும் மட்டுமா மாட்டுவோம். எனக்கு அந்த சூப் இறங்கவில்லை.

பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்து எல்லாமே மாறியது உங்களுக்குத் தெரியும். தடை போனது, மேற்கத்தியக் கணினிகள் பெட்டி பெட்டியாக வந்தன, எங்களுடையதை யார் வாங்குவார்கள்? ஆலையைத் துண்டு துண்டாக விற்றார்கள். வெனெட்டா வீடு வீடாகப் போய்த் தொலைக்காட்சி பழுது பார்த்தாள். பாதிப் பேர் லூட்டெனிட்ஸா சட்னி ஜாடிதான் கூலியாகக் கொடுத்தார்கள். அவள் சமையலறை அலமாரி முழுக்க சிவப்பு ஜாடிகள். இதைச் சாப்பிட்டே மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம் என்று தானே கேலி செய்துகொள்வாள்.

அப்போதுதான் ஆஸ்திரியாவிலிருந்து லைட்கெப் என்பவர் வந்தார். காபி இயந்திரத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்கிற கம்பெனி அவருடையது. போட்டிக்காரனின் பலகையைப் பார்த்து மலிவாக நகல் எடுக்கத் தெரிந்த இஞ்சினியர் ஒருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். பாண்டெலியெவ் காதுக்கு அது எட்டியது. பழைய மனிதருக்கு அந்தப் பாசம் இருந்தது, உடனே வெனெட்டா பெயரைச் சொன்னார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்.

போகிற வழியில் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நகல் எடுப்பவள் வேண்டும் என்கிறான், நீ நகல் எடுப்பவள், பேச்சை அங்கே நிறுத்து. மகளுக்குப் பணம் கட்ட வேண்டும், பழைய கதையெல்லாம் கிளறாதே என்றேன். சரி என்றாள். அந்துருண்டை வாசனை அடிக்கிற நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் பயந்து நான் பார்த்த ஒரே நாள் அது.

பாண்டெலியெவ், ஆலையில் இன்னும் விற்காமல் கிடந்த தன் பழைய அறையில், மேஜை மேல் ஒரு லாலேயையும் பக்கத்தில் தன் பதக்கத்தையும் வைத்திருந்தார். பால்கன் நாடுகள் முழுக்கத் தேடினாலும் இவளைப் போல நகல் எடுக்கிற கை கிடைக்காது என்று ஆரம்பித்தார். அசலையும் நகலையும் பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கதையைப் பெருமையாகச் சொன்னார். நான் ஜெர்மனில் இன்னும் இரண்டு கரண்டி நெய் விட்டேன். லைட்கெப் திருப்தியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெனெட்டாவைப் பார்த்து, இதை நகல் எடுக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அவள் லாலேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஆனால் அறைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இது நகல் இல்லன்னு சொல்லு, டோன்ச்சோ. அசல்னு ஒண்ணு இருந்ததே இல்ல. இதை நான் யோசிச்சேன்."

பாண்டெலியெவ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். வேலை கையை விட்டுப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மாதம், ஒரு வருஷம் என்று ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம், லைட்கெப்புக்குப் பல்கேரிய மொழி ஒரு எழுத்தும் தெரியாது. அவளுக்கு அது புரிந்துவிட்டது.

"மாத்திச் சொன்னேன்னு தெரிஞ்சா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். சொன்னத சொல்லு."

சொன்னேன். ரிட்ஜ்மூர், ஆர்கன் பெட்டி, அங்குலத் திருகு எல்லாவற்றையும் சொன்னேன். லைட்கெப் மரியாதையாகச் சிரித்தார். பழைய ஆட்சிகள் விழுந்த பிறகு தான் போன இடமெல்லாம் இதே கதையைத்தான் கேட்பதாகவும், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வதாகவும் சொன்னார். தனக்கு நகல் எடுப்பவர்தான் வேண்டும், பொய் சொல்பவர் வேண்டாம் என்பதை முகத்தில் காட்டாமல் காட்டினார். ஆனாலும் இஞ்சினியர் அல்லவா, சும்மா எழுந்து போக மனம் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து லாலேயின் மூடியைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய சிப்பின் மேல் விரலை வைத்தார். ஒரு சிப்புக்கு இரண்டு வரிசைத் துளை போதுமே, இங்கே ஏன் நான்கு வரிசை இருக்கிறது, இரண்டு வரிசை காலியாகக் கிடக்கிறதே என்று கேட்டார்.

நானும் வெனெட்டாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் ஆலையில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக் கூடத் தெரிந்த விஷயம். சோவியத் சிப்பில் கால்களுக்கு இடையிலான தூரம் மில்லிமீட்டர் கணக்கு, மேற்கத்தியச் சிப்பில் அங்குலக் கணக்கு. வித்தியாசம் தலைமுடி அளவுதான். ஆனால் நாற்பது கால் உள்ள சிப்பில் கடைசிக் கால் போய்ச் சேர்வதற்குள் துளை தள்ளிப்போய்விடும், உள்ளே இறங்காது. இந்த மாதம் எந்தச் சிப் வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இதற்கு இரண்டு வரிசை, அதற்கு இரண்டு வரிசை. எது வந்தாலும் அன்றைக்கு வேலை நிற்காது. இதை அவள் சலிப்பாகச் சொன்னாள், நான் சலிப்பாகவே மொழிபெயர்த்தேன்.

லைட்கெப் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். சிரிக்கத் தொடங்கினார், இந்தத் தடவை மரியாதைக்காக இல்லை. சோவியத் சிப் வருமோ என்று பயந்து துளை போட்டு வைத்த அமெரிக்காக்காரன் உலகத்திலேயே கிடையாது என்றார். அந்த ரிட்ஜ்மூரிலும் இந்த நான்கு வரிசை இருந்ததா என்று கேட்டார். இருந்தது. பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது அதைத்தான். அவருக்கும் உறைக்கவில்லை, பாண்டெலியெவுக்கும் உறைக்கவில்லை, திருட்டுக் கணக்கு எழுதிய எங்களுக்கே உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து நான்கு வரிசையைப் பார்த்தே பழகியவர்கள் நாங்கள்.

லைட்கெப் தன் பையிலிருந்து போட்டிக்காரனின் காபி இயந்திரப் பலகையை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே போட்டுவிட்டார். நகல் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற ஒன்றைப் பாதிப் பாகங்களில் புதிதாக யோசித்துத் தர அவளால் முடியுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாண்டெலியெவ் குறுக்கே வந்தார். கிழவர் லாலேயைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் துளைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க, தோழர்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நிறுத்தியிருப்பேன்," என்றார். பதக்கத்தை எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

அப்போதுதான் வெனெட்டா அழ ஆரம்பித்தாள். கைக்குட்டை கூடக் கொண்டு வரவில்லை, அந்த நல்ல கோட்டின் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லைட்கெப் பதறிப்போனார். வேலை பிடிக்கவில்லையா, சம்பளம் போதாதா என்று என்னைக் கேட்டார். நான் அவளைக் கேட்டேன்.

"பிடிச்சிருக்குன்னு சொல்லு," என்றாள். "அப்புறம் இதையும் சொல்லு. இத்தன வருஷமா ஊர் பூரா இதைத் தட்டிச்சு, திறந்து பாத்துச்சு, பதக்கம் குடுத்துச்சு. இந்த இடத்துல இது ஏன் இப்படி இருக்குன்னு என்னைக் கேட்ட மொத ஆளு அவருதான்."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.